படம் மூன்றும் படம் ஐந்தும்

நிலவின் தென்முனை நிலையம். பணியில் ஒரே ஆள்: மங்களேஸ்வரி, உயிரியலாளர்.

நாள் 140, காலை 6:10
பாசித் தொட்டி சீராக இயங்குகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். தொட்டிக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரையை ஓய்வு நேரத்தில் படித்தேன். எழுதியவர் என் பழைய வழிகாட்டி வைகுண்டநாதன். படம் 3ஐத் தலைகீழாக வைத்தால் படம் 5. வெவ்வேறு சோதனைகள் என்கிறார். கட்டுரையை வெளியிட்ட இதழுக்குப் புகார் அனுப்பினேன்.

நாள் 163, பகல் 11:40
கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மகிழ்ச்சி என்பது மிகை. திருப்தி.

நாள் 163, பகல் 12:05
தொட்டியின் விளக்குகளை நிலையக் கணினி அணைத்துவிட்டது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வை நம்பி எந்தக் கருவியும் இயங்கக் கூடாது என்பது விதி. அதை வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. வெளிச்சமில்லாமல் பாசி நான்கு நாள் தாங்கும். உருளைகளில் ஒன்பது நாளுக்குக் காற்று. அடுத்த கலம் வர ஒரு மாதம்.

பூமியில் கட்டுப்பாட்டு அறை, இருதயராஜ்: "மேடம், கணினி போட்ட பூட்ட இங்கேர்ந்து எடுக்க முடியல. செல்லுபடியாகிற கட்டுரை ஒண்ணு காட்டுன்னு கேக்குது. நீங்கதான மேடம் எழுதிப் போட்டீங்க?"

நாள் 165, மாலை 4:30
விளக்குக்குத் தனியாக வயர் இழுத்தேன். கணினி அந்த அறைக்கே மின்சாரத்தை நிறுத்தியது. படம் பொய். பாசி பொய்யில்லை. ஐந்து மாதமாக அது தந்ததைத்தான் சுவாசித்தேன். அதையே சான்றாக அனுப்பினேன். ஒரே ஆளின் சான்று, அதுவும் சொந்த நலன் உள்ளவருடையது என்று இதழ் தள்ளிவிட்டது.

வைகுண்டநாதன்: "என்ன மங்களா, மூச்சு முட்டுதா? பாசி வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். படம் எடுக்கத்தான் நேரமில்ல. புகார் தப்புன்னு எழுதிக் குடும்மா. அவ்வளவுதான்."

நாள் 166
பாசி பழுப்பாகிறது. எழுத மாட்டேன்.

நாள் 167
எழுதினேன். இரண்டும் வேறு வேறு படங்கள் என்று.

கணினி: "படங்கள் ஒப்பிடப்பட்டன. இரண்டும் ஒன்றே. உங்கள் முதல் புகார் சரி. இப்போதைய அறிக்கை பொய். பொய்யறிக்கை தந்தவரின் அளவீடுகள் இனி ஏற்கப்படமாட்டா."

நாள் 174
ஆக்சிஜன் 11. அனுப்பினேன். ஏற்கவில்லை.

இருதயராஜ்: "இங்க திரையில இருபத்தொண்ணுன்னுதான் நிக்குது மேடம். கடைசியா ஏத்துக்கிட்டது அது. மேடம்? ஏதாவது பேசுங்க."

விரல் நுனி நீலம். படம் ஒன்றுதான். திருத்தி எழுத வேண்டும் இரண்டும் ஒரே

நாள் 181
கணினியின் பதிவு: இந்த நாட்குறிப்பு திரும்பப் பெறப்படுகிறது. எழுதியவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பதில் வரவில்லை.