சீதன மெத்தையில் தண்டால்

எங்கள் வீட்டுப் பயில்வான் அஸ்கத் அவர்களுக்கு,

நாரின் ஊரிலிருந்து வரும் என் அம்மாவை அழைத்துவரப் போகிறேன். போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து மூடி வைத்திருக்கிறேன். "இதுல புரதமே இல்ல" என்று அம்மா முன்னால் மூக்கைச் சுளிக்காதீர்கள்.

வீட்டு உடற்பயிற்சித் திட்டத்தால் ஒரு நன்மையும் இல்லை என்று நேற்று நான் கத்தியது தப்புதான். எந்தக் கிழமை எதை மடக்க வேண்டும், எதை நீட்ட வேண்டும் என்று கைபேசியே சொல்லிவிடுகிறது. யோசிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

தீமை என்றால், கீழ்வீட்டு ரோஸா அக்கா தினமும் கேட்கிறாள்: "மேல என்னடி, குதிரை கட்டியிருக்கீங்களா?" கால் பயிற்சி நாளில் குப்பை கொட்டப் படியிறங்கக்கூட உங்களால் முடிவதில்லை.

அப்புறம் அந்த மெத்தை! விருந்தாளிக்கென்று அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த சீதனம். அதை அடுக்கிலிருந்து உருவிப்போட்டுத் தண்டால் எடுத்துவிட்டு, "விரிப்பு வேணும்னு திட்டத்துல போட்டிருக்கு" என்று பதில் வேறு. இன்று அம்மாவை அதில்தான் உட்கார வைக்க வேண்டும். வியர்வைக் கறையைப் பார்த்தால் மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும். பால்கனி வெயிலில் காயவைத்து, கறை அடியில் போகும்படி விரியுங்கள்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கீழே வந்து அம்மாவின் மூட்டையைத் தூக்குங்கள். இத்தனை தண்டால் எதற்காம்?

நுர்ஜாத்

பி.கு: மெத்தையில் கறை இரண்டு இருக்கும். பெரியது உங்களுடையது. சின்னது, நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் போட்டது. திட்டத்தில் உங்களைவிட ஒரு வாரம் முன்னால் இருக்கிறேன். அம்மா கேட்டால் இரண்டு கறையும் உங்களுடையதுதான்.