லியோனுக்குச் சொல்லாமல் விட்டது

12.3.1983, சனி

உடம்பு அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க மனமில்லை. பறப்புக் கிளப்பின் சின்ன விமானம் இப்போது எங்கள் பலாலி விமானத்தளத்தில் நிற்கிறது. நானும் லியோனும் விடிய கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் ஏறி, பத்தரைக்கு இங்கே இறங்கினோம். இரண்டு வருசமாக மாதம் ஒருமுறை ரயிலேறிக் கொழும்புக்குப் போய், ஒரு மணித்தியாலம் பறந்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்புகிறவர்கள் நாங்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராகக் கோவை புரட்டுகிற எனக்கும், குருநகரில் வள்ள எஞ்சின் திருத்துகிற அவனுக்கும் வேறு எந்த ஒட்டும் இல்லை. இன்றைக்கு அதே விமானத்தைச் சொந்த மண்ணில் பார்த்ததும் அவன் அதன் செட்டையைத் தடவிக்கொண்டு நின்றான்.

வரும்போது அவன் ஓட்டினான். பின்னேரம் நான் தனியே ஒரு சுற்று. மானிப்பாய் ஆஸ்பத்திரிக் கூரை, எங்கள் வளவுக் கிணறு, முற்றத்தில் என் மனுசி குணம் — கையை ஆட்டினாளோ, வெயிலுக்கு மறைத்தாளோ தெரியவில்லை.

ஒரு விசயம். விமானம் எழும்புகிறபோது நான் இருந்த சீற் பின்னுக்கு வழுக்கியது. ஒரு சாண் இருக்கும். ஓட்டுகிற பிடிக்குக் கை எட்டாமல் போகப் பார்த்தது. முன்னுக்கு இழுத்து, சீற்றைப் பூட்டுகிற முளை குழிக்குள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இறங்கியபின் குனிந்து பார்த்தேன். முளை தேய்ந்துபோய்க் கிடக்கிறது. பதிவுப் புத்தகத்தில் குறை என்று எழுதவேண்டும். எழுதினால், கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் ஏறக்கூடாது. நாளைப் பின்னேரம் மாமாவை, குணத்தின் தகப்பனை, ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் அதை மானிப்பாய் முழுக்கச் சொல்லிவிட்டார்.

காலையில் லியோனிடம் வாயால் சொன்னால் போதும். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோய் விட்டபிறகு எழுதலாம்.

13.3.1983, ஞாயிறு

லியோன் இல்லை.

15.3.1983

இன்று அடக்கம். குருநகர்க் கோயில் கொள்ளாத சனம். பெட்டியைத் திறக்கவில்லை. அவனுடைய தகப்பன் யாகோப்பர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்கள் கூடப் போயிருந்தா விட்டிருக்க மாட்டியள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதவேண்டும். நாளைக்கு வேறுமாதிரி நினைக்கத் தொடங்கிவிடுவேன்.

லியோன் பூசை முடிந்து நேரே பலாலிக்கு வந்தான். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டு. "அண்ணை, அப்பாவும் தங்கச்சி யசிந்தாவும் குருநகர்த் துறையிலை நிக்கினம். ஒரு சுற்றுச் சுத்திக் காட்டிப்போட்டு வாறன்" என்றான். ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றும் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான். எனக்குச் சீற் நினைவு வந்தது. வாயும் திறந்தேன். அதற்குள் அவன், "பின்னேரம் மாமா சத்தி எடுத்தா ஆர் கழுவுறது? நீங்களோ நானோ?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அது போய்விட்டது.

இல்லை. போகவில்லை. நான்தான் விட்டேன். சொன்னால் அவன் குனிந்து பார்ப்பான், பார்த்தால் எழுது என்பான் — அவன் அப்படிப்பட்டவன் — எழுதினால் பின்னேரம் இல்லை. இவ்வளவும் அந்த ஒரு சிரிப்புக்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

அவன் எஞ்சின்காரன். எழுதாவிட்டாலும் தன் கையால் ஒரு கம்பியை வளைத்துப் பூட்டாமல் ஏறியிருக்க மாட்டான். அரை மணித்தியால வேலை. அரை மணித்தியாலம்.

கடலுக்குள் விழுந்ததை நான் காணவில்லை. பலாலியில் நின்று காத்துக்கொண்டிருந்தேன். மாமா புதுவேட்டியோடு வந்துவிட்டார்.

24.3.1983

கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். ஒன்றரை மணித்தியாலம் கேட்டார். ஏறுமுன் ஏதாவது குடித்தானா, முன்பு சாகசம் காட்டியிருக்கிறானா. இல்லை, இல்லை. பிறகு ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீரிலிருந்து தூக்கின விமானத்தின் உட்பக்கம். "ஓட்டினவருடைய சீற் கடைசிவரைக்கும் பின்னுக்குப் போயிருக்கிறது. விழுந்த அடியிலும் போயிருக்கலாம். சனிக்கிழமை நீங்கள் பறந்தபோது சீற் ஏதாவது வழுக்கியதா?"

"இல்லை."

எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். கை குலுக்கினார்.

ஏன் சொன்னேன்? லைசென்சுக்குப் பயந்தா? வேலைக்கா? அதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் ஒன்றும் யோசிக்கவில்லை. சின்னப்பிள்ளை போல வாய் தானாக இல்லை என்றது.

12.4.1983

முப்பத்தோராம் நாள். பூசைக்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். தாய் செத்து ஆறு வருசம். தகப்பனும் தங்கச்சி யசிந்தாவும்தான் இப்போது. யாகோப்பர் எல்லோருக்கும் தானே சோறு போட்டார். மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாரோ கதையைத் தொடங்க, "பெருமைக்குப் பறந்தவன். பெருமைதான் விழுத்தினது. விடுங்கோ" என்றார்.

போகும்போது யசிந்தா படலையடியில் வந்து நின்றாள். "அண்ணை, நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவன் கீழை பதிஞ்சு பறக்கேல்லை. கை காட்டினதுகூட எங்களுக்குத் தெரியேல்லை, அவ்வளவு உயரம். ஒருக்காச் சுத்திப்போட்டுத் திரும்பினவன். திடீரெண்டு மூக்கு மேலை போச்சுது. அப்பிடியே நிண்டுது. பிறகு விழுந்துது. சனமெல்லாம் விளையாட்டுக் காட்டினவன் எண்டு கதைக்குது. அப்பாவும் அதைத்தான் நம்புறார். அது விளையாட்டே, அண்ணை?"

மூக்கு மேலே போனது. அவள் சொன்னவுடன் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சீற் பின்னுக்கு ஓடும்போது கை பிடித்ததை விடாது. பிடித்தபடியே ஓட்டுகிற பிடியும் பின்னுக்கு இழுபடும், மூக்கு மேலே போகும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் நீளக்கையன், தப்பினேன். அவன் குட்டையன்.

"தெரியாது, தங்கச்சி" என்றேன்.

5.6.1983, ஞாயிறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

விசாரணை முடிவு தபாலில் வந்திருக்கிறது. ஆங்கிலம். யசிந்தாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் யாகோப்பர், "பறப்புத் தெரிஞ்சவன் வாசிக்கவேணும்" என்று சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மானிப்பாய்க்கு வந்துவிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார்.

நான் வாசித்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். விமானத்தில் முன்கூட்டி எந்தக் குறையும் பதியப்படவில்லை. முதல்நாள் ஓட்டியவரும் குறை எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தியுள்ளார். ஆகவே ஓட்டியவரின் கவனயீனம்.

"முதல்நாள் ஓட்டினது ஆர்?" என்றார்.

"நான்தான் ஐயா."

"ம்." கடிதத்துக்குக் கையை நீட்டினார். "அப்ப சரி. நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கடிதத்தை நாலாக மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு போனார். யசிந்தா போகும்போது என்னைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாளோ?

28.7.1983

கொழும்பு எரிகிறது. இங்கேயும் சாவுதான். தெருவில் ஒருவரும் இல்லை. கொழும்பிலிருக்கிற சித்தப்பா குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

இதற்குள் ஒரு கணம் நினைத்தேன் — இவ்வளவு சாவுக்குள் அந்த ஒரு சாவை இனி யார் தோண்டப் போகிறார்கள் என்று. நிம்மதியாக இருந்தது. அப்படியும் ஒரு நிம்மதி எனக்கு வந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

19.8.1983

சித்தப்பா ஆட்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். இனிக் கொழும்பும் இல்லை, கிளப்பும் இல்லை. மாமா, "நல்லகாலம், அந்தப் பறப்பு வேலையை விட்டியள்" என்கிறார்.

2.11.1983

மரித்தோர் நாள். குருநகர்ச் சவக்காலைக்குப் போனேன். கல்லறை எல்லாம் மெழுகுதிரி. லியோனின் கல்லறையில் யசிந்தா கொளுத்தின ஒன்று மட்டும். யாகோப்பர் நாலு கல்லறை தள்ளி, தன் மனுசியின் கல்லறையில் ஐந்தாறு திரி கொளுத்திக்கொண்டிருந்தார். மகனுடைய பக்கம் திரும்பவே இல்லை. கையில் இன்னும் இரண்டு திரி மிச்சம் இருந்தது. அதைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவன் உயிரை எடுத்தேன். அது ஒன்று. அவனிடமிருந்து தகப்பனையும் எடுத்துவிட்டேனே.

வீட்டுக்கு வந்து குணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் முதல்தரம். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இப்ப போய்ச் சொல்லி ஆரை எழுப்பப் போறியள்?" என்றாள். "உங்கடை பாரத்தை இறக்கிறதுக்கு அந்தக் கிழவன்ரை தலையிலை வைக்கப் போறியளோ?"

அவள் கேட்டது சரி. ஆனால் அந்த மனிசன் இரண்டு திரியைப் பைக்குள் போட்டவர், குணம். நான் பாத்தனான்.

13.11.1983, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

யாகோப்பர் வேலியோரம் விறகு கொத்திக்கொண்டு நின்றார். "வாங்கோ தம்பி" என்று கோடரியைச் சாத்தினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். சீற் வழுக்கினது. எழுதாமல் விட்டது. ஏன் விட்டது — மாமாவை ஏற்றிக் காட்டுகிற பெருமைக்கு. லியோனிடம் சொல்லாதது. விசாரணையில் கேட்டபோது இல்லையென்றது. கடிதத்தை வாசித்தபோதும் வாய் திறக்காதது.

பிறகு கேட்டார்: "அதாலைதான் விழுந்தவன் எண்டு நிச்சயமோ?"

"நிச்சயமாச் சொல்லேலாது ஐயா. ஆனால் யசிந்தா கண்டது அப்பிடித்தான். சீற்றும் பின்னுக்குத்தான் நிண்டது. நான் அப்பிடித்தான் நம்புறன்."

"நீ ஒரு சொல் சொல்லியிருந்தா அவன் ஏறியிருப்பானோ?"

"ஏறியிருக்க மாட்டான்."

இவ்வளவு நாளும் எனக்கு 'நீங்கள்' போட்டவர். இன்றைக்கு நீ.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் நிலத்தில் குந்தி, முழங்காலில் முகத்தை வைத்து, "எட்டு மாசம் என்ரை பிள்ளையைத் திட்டினனான்" என்றார். "செத்த பிள்ளையை. எட்டு மாசம்." யசிந்தா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடிவந்து அவரைப் பிடித்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

பிறகு எழும்பி, என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா."

துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். வள்ள நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "டேய், சீட்டைப் போடுங்கோடா. இவர் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார். முழுக்க, முதலில் இருந்து, திரும்பவும் சொன்னேன். ஒருவன், செபநாயகம் என்று பேராம், லியோனோடு படித்தவன், எழும்பி என் சேட்டைப் பிடித்தான். யாகோப்பர் அவன் கையைத் தட்டிவிட்டார். "தொடாதை. அவன் சொல்லி முடிக்கட்டும்."

முடித்தபின், "இனிப் போ" என்றார். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். மானிப்பாய் வர இருட்டிவிட்டது.

15.11.1983

விசாரணை அதிகாரிக்கு எழுதினேன். என் வாக்குமூலம் பொய் என்று. சீற்றைப் பற்றி, திகதி போட்டு, நேரம் போட்டு. லைசென்சையும் அதே உறைக்குள் வைத்தேன். பிரதி ஒன்று யசிந்தாவின் பேருக்கு.

குணம் என்னோடு கதைக்கவில்லை. கச்சேரியில் தெரியவந்தால் என்ன செய்வது என்று தகப்பனிடம் அழுதிருக்கிறாள். மாமா இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்கு என்ன நோகிறது என்று எனக்கு விளங்குகிறது. அவருடைய ஆசையும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அவர்மேல் பிழை இல்லை. போய்ச் சொல்லவேண்டும்.

8.2.1984

பதில் வந்தது. இரண்டு வரி. கடிதம் கிடைத்தது; விசாரணைக் கோவை ஏற்கெனவே முடிக்கப்பட்டது. லைசென்ஸ் பற்றி ஒன்றும் இல்லை. தண்டனையும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, என்ன அழுகை என்று தெரியவில்லை.

கடிதத்தைக் கொண்டுபோய் யசிந்தாவிடம் கொடுத்தேன். வாங்கினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது மட்டும் கேளாதேங்கோ அண்ணை. எங்களிட்டை இப்ப அது இல்லை" என்றாள். அண்ணை என்றுதான் சொன்னாள்.

18.3.1984, ஞாயிறு

ஆண்டுத் திவசப் பூசை போன கிழமை முடிந்ததாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்குப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று குருநகரிலிருந்து கிழவர் ஒருவர் வந்தார். லியோனின் ஞானத்தகப்பன், சந்தியோகு. "யாகோப்பு அனுப்பினவன்" என்றார். "பொடியனுக்கு என்ன நடந்ததெண்டு மானிப்பாயிலை ஒருத்தன் சொல்லுவான், அவன்ரை வாயாலை கேள் எண்டான்." சொன்னேன். கேட்டுவிட்டு, தண்ணியும் குடிக்காமல் போனார்.

29.4.1984

யாகோப்பர் அனுப்பின இன்னும் இரண்டு பேர். அண்ணன் தம்பி. முழுவதும் நின்றபடியே கேட்டார்கள்.

9.6.1984, சனி

காலை பத்து மணியிருக்கும். படலையில் சைக்கிள் மணி. பேசாலையிலிருந்து வந்தவர், லியோனின் தாய்மாமன், அடைக்கலநாதன் என்றார். குருநகரில் இரவல் வாங்கின சைக்கிள். இவ்வளவு நாளும் மருமகனை நினைத்து மன்னாரில் தலைகுனிந்து திரிந்தவராம். "அத்தான் சொன்னவர், நீங்கள் எல்லாம் ஒளிக்காமல் சொல்லுவியள் எண்டு" என்றார்.

கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டேன். மற்ற நாட்களில் ஆட்கள் வந்தால் குணம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். இன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். போகவில்லை.

அவர் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

நான் சீற் வழுக்கின அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்கினேன்.