முன்பின் தெரியாத கை

ஒக்ரோபர் 22
ஞாயிறு. வேலையில்லை. மட்டக்களப்புக்குப் போன் எடுத்தேன். நிருஷா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சாப்பிட்டீங்களா மகள்?"
"ஓம்."
"என்ன சாப்பிட்டீங்க?"
"சோறு."

அவ்வளவுதான், போன் அக்கா கைக்குப் போய்விட்டது. ஒன்றரை வயதில் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது ஏழரை. அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் அசையவே இல்லை. பிள்ளை மட்டும் என்னைக் கேளாமல் வளர்ந்துகொண்டே போகிறது.

ஒக்ரோபர் 31
பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் நாள். போன வருஷம் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஒருவரும் ஏறி வரவில்லை. இந்த முறை நானே கட்டட வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பது பயத்தம் உருண்டை, நானே பயறு வறுத்து இடித்துப் பிடித்து வெள்ளித்தாளில் சுற்றியது. குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் எனக்கு என்ன சந்தோஷம்! யார் யாரோ பெற்ற பிள்ளைகள் பையை விரித்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்கள். தேனீ வேஷத்தில் ஒருத்தி, நிருஷாவின் உயரம்தான் இருப்பாள் — நிருஷாவின் உயரம் எனக்கென்ன தெரியும்? "மெர்சி, மதாம்" என்றாள். நாற்பதும் முடிந்தது.

நவம்பர் 1
காலையில் பஸ்ஸுக்குப் போனால், முச்சந்திக் குப்பைத் தொட்டியில் என் உருண்டைகள். தாளைக்கூடப் பிரிக்கவில்லை. நான் என்ன, நஞ்சா வெச்சுக் குடுத்தன்? டோர்வல் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்ச் சேரும்வரை அழுகை.

விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும்போது யோகராணி அக்காவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே இருபது வருஷம். எதற்கும் முதலில் சிரிப்பார், பிறகுதான் பதில்.

"எடி விசரி, வீட்டில செய்ததை இஞ்ச ஒரு தாயும் பிள்ளைக்குக் குடுக்க மாட்டாள். கடைப் பக்கெற் எண்டால்தான் வாங்குவினம். ஆர் என்னத்தைக் கலந்தாங்களோ எண்ட பயம். உன்ரை முகத்தைப் பாத்து எறியேல்லை."

நவம்பர் 5
கோபம் ஆறிவிட்டது. ஆறாமல் என்ன செய்வது? இன்று போனில் நானே நிருஷாவிடம் சொன்னேன்: "தெரியாத ஆக்கள் என்ன தந்தாலும் வாங்கக் கூடா, மகள்."

"ஓம்."

டிசம்பர் 14
லிஃப்டில் அந்தத் தேனீப் பிள்ளை, தாயோடு. கம்பளித் தொப்பி கண்ணை மறைத்தபடி இருந்தது. சரிசெய்ய என் கை தானாகப் போய்விட்டது. பாதியில் மடக்கிக்கொண்டேன். தாய் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானே இழுத்துவிட்டாள். நல்ல மனுஷிதான். ஒரு பிள்ளையின் தலையைத் தொட எனக்கு எவ்வளவு ஆசை! யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 6
நிருஷாவுக்கு விசா கிடைத்துவிட்டது. யேசுவே!

ஏப்ரல் 19
ஜக்கெற் வாங்கினேன். எட்டு வயது அளவு. பெரிதோ சிறிதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 27
நிருஷா வந்துவிட்டாள். பயணக் களைப்பு, பட்டப்பகலில் தூங்குகிறாள். ஜக்கெற் பெரிது.

தனியாக வரும் பிள்ளைகளை விமான நிறுவன ஆட்கள்தான் கூட்டிவந்து ஒப்படைப்பார்கள். ஒரு இளம்பெண் நிருஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன், அவள் பொறுங்கள் என்று தடுத்தாள். முதலில் என் அடையாள அட்டை. பிறகு குனிந்து பிள்ளையிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். பிள்ளைக்கு விளங்கவில்லை. தமிழில் சொல்ல அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் முழந்தாளிட்டுச் சொன்னேன்.

"நான் உங்கட அம்மாவா எண்டு கேக்கிறாங்க, மகள்."

நிருஷா என் முகத்தை நன்றாகப் பார்த்து யோசித்தாள். பொய் சொல்லாத பிள்ளையாக அக்கா வளர்த்திருக்கிறாள்.

"இவங்க போன் அம்மா. அம்மா மட்டக்களப்பில நிக்கிறா."

என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஓம் என்கிறாள் என்றேன்.