கிழிபட்ட சான்றிதழ்

வியாழன், இரவு.

முத்துச்சிப்பியின் மரபணு வரிசை பற்றிய கருத்தரங்கில் மூன்று நாள் உட்கார்ந்து வந்த ஞானத்தை இன்று வகுப்பில் இறக்கினேன். ஒரே தாளின் பல நகல்களைத் தாறுமாறாகக் கிழித்து, ஓரங்களில் ஒத்துப்போகும் எழுத்துகளைப் பார்த்து ஒட்டினால் முழுத் தாளும் கிடைக்கும். மரபணுவையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று அங்கே ஒரு பேராசிரியை சொல்லியிருந்தார். பைக்குள் கை விட்டதும் மூன்று நகல்கள் அகப்பட்டன. பார்க்காமலே கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் ஒட்டிவிட்டார்கள்.

முன் பெஞ்சு மாணவி எழுந்தாள். "சார், இது ஒங்க கருத்தரங்கு சர்ட்டிபிகேட்டுல்லா? பச்சை சீல் இருக்கு. ஒரிஜினலையும் சேத்துக் கிழிச்சிட்டியளே!"

கருத்தரங்குக்குப் போனதற்குச் சான்றாக நான் நீட்டிய ஒட்டுத்தாளை அலுவலகக் கண்காணிப்பாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, இது செல்லாது. மூணு நாளையும் ஒங்க லீவுல கழிச்சிருவேன்."

மகளின் பிரசவத்துக்கென்று நான் மிச்சம் பிடித்திருந்ததே அந்த மூன்று நாள்தான்.

"ஒரு எழுத்துகூடக் கொறையலையே!" என்றேன்.

"கொறையல அண்ணாச்சி, கூடியிருக்கு. ஒங்க பேரு ரெண்டு தடவ வருது."

வேறொரு சான்றிதழ் கேட்டு அந்தப் பேராசிரியைக்கே மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். காரணம் சொல்ல வேண்டுமே. 'தங்கள் உரையை அப்படியே பின்பற்றியதில்' என்று எழுதி, அழித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறேன்.