அறுபத்தாறில் முப்பத்திரண்டை விட்டுவிட்டேன்

நவம்பர் 5, புதன்

காலை ஐந்து மணி. நல்ல மழை. கரண்ட் இருக்கிறது, அதுவே அதிசயம். மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்.

இன்றைக்கு: சதவீதக் கணக்கு இருபது. ஆங்கிலப் பத்தி மூன்று. வட்ட மேசைப் புதிர் ஒன்று. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. எட்டு மணிக்கு மண்டிக்குக் காய் லோடு.

சதவீதம் இருபதும் சரி! இருபது சதவீதம் தள்ளுபடி, மிச்சத்தில் இன்னொரு பத்து. மொத்தம் முப்பது என்று டிக் அடிக்கிற ஆளெல்லாம் எங்கள் தேங்காய் மண்டிக்கு வியாபாரம் பேச வரட்டும், சந்தோஷமாக வரவேற்பேன். இருபத்தெட்டு. பேனாவே எடுக்கவில்லை.

வட்ட மேசை: எட்டுப் பேர், ஆறு நிபந்தனை. இவருக்கு எதிரில் அவர் உட்காரக் கூடாது, மருத்துவருக்கு இடப்பக்கம் வக்கீல். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார்கூட இத்தனை கேட்டதில்லை. முப்பத்தைந்து நிமிடம் போச்சு. கடைசியில் தப்பு. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மண்டியில் அப்பா மறுபடி அதே பேச்சு. "இந்த ஒரு தடவதான், ஆத்தா. போன வருசமும் எழுதின, வரல. இந்த வருசமும் வரலன்னா தையிலேர்ந்து மண்டிச் சாவி ஒங்கிட்ட. பொஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்ரணும்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். வாய்தானே.

மண்டி பிடிக்காமல் இல்லை. காலேஜ் முடித்த நாலு வருடமாக இங்கேதான். ஆனால் கீரமங்கலத்துக் காய்க்குக் கீரமங்கலத்தில் விலை சொல்லி நான் பார்த்ததே இல்லை. யாரோ எங்கிருந்தோ போனில் சொல்கிறார்கள், நாங்கள் "சரிங்க" என்கிறோம். அந்தப் போனுக்கு அங்கிட்டு உட்கார்ந்திருப்பது யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்? எனக்கு அது தெரிய வேண்டும். அதற்காகத்தான் போக வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மாதிரித் தேர்வு (இனி மா.தே.). இரண்டு மணி நேரம். அறுபத்தாறு கேள்வி. சரிக்கு மூன்று, தப்புக்கு ஒன்று கழிவு.

அறுபத்தாறும் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை.

சரி 28. தப்பு 38. மதிப்பெண் 46.

அப்பா கேட்டார், "எம்புட்டு?"

"நாப்பத்தாறு."

"நூத்துக்கா?"

"நூத்துத் தொண்ணூத்தெட்டுக்கு."

திட்டியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தொட்டி நிரம்பி வழிந்தது. இரண்டு குழாய் நிரப்ப, ஒரு குழாய் காலி செய்ய, எத்தனை மணி நேரம் என்று அப்போதும் மனசு கேட்கிறது. சனியன்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். ரேவதி போன். காலேஜ் தோழி, இப்போது திருமயத்தில் தனியார் பள்ளி டீச்சர், அவளும் இதே தேர்வு எழுதுகிறாள். அவளுக்கு மா.தே.யில் 79. பொறாமை. நன்றாகவே பொறாமை.

என் தப்புக் கணக்கையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு ஒரே பிடி. "ஏன்டி, தமிழு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு நிமிசம் ஆறு நிமிசம் நிக்கிற. நின்னதெல்லாம் தப்பு. ஏன் விட்டுட்டுப் போக மாட்டேங்கிற?"

"பாதியில விட்டா எப்பிடிடி?"

"ஒங்க மண்டியா அது? பாதியில விட்டா அப்பா வைவாரா?"

வைவார்தான். எங்கள் மண்டியில் அது சட்டம். ஒரு குவியலில் கை வைத்தால் தரை தெரியும் வரை எழுந்திருக்கக் கூடாது. சாப்பாட்டு வேளை வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி. பாதிக் குவியலை விட்டுப் போனால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது என்பார் அப்பா. நாலு வருடமாக ஒரு குவியலைக்கூடப் பாதியில் விட்டதில்லை நான். ரேவதியிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எழுதக் கை பரபரக்கிறது. முதலில் சம்பவம்.

பத்து மணிக்கு லாரி வந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் காய் தரம் பிரிக்கணும். டிரைவர் ஆரன் மேல் ஆரன். மண்டியில் வேலை பார்க்கிற முத்தையாண்ணன் எனக்கு எதிரில், நான் இந்தப் பக்கம். காயை எடு, காதோரம் ஆட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வலப்பக்கம். கேட்கவில்லையா, பின்னால் உருட்டு. ஒரு காய்க்கு இரண்டு விநாடி.

ஒரு காயில் எனக்குச் சந்தேகம். மறுபடி ஆட்டினேன். மறுபடி. முத்தையாண்ணன் கத்தினார், "என்னா பாப்பா, காய்கூட பேசிக்கிட்டு இருக்க? உருட்டிவிடு! கடைசியா நேரமிருந்தா பாத்துக்கலாம்!"

உருட்டினேன். அப்படியே கை நின்றுவிட்டது.

அட மக்குப் பெண்ணே! குவியலை முடிப்பது என்றால் எல்லாக் காயையும் உரிப்பதா? நாலு வருடமாக நீ என்னதான் செய்துகொண்டிருக்கிறாய்? ஆட்டிப் பார்க்கிறாய், கழிக்கிறாய். தரை தெரிகிறது. எழுந்திருக்கிறாய். கழித்ததும் முடித்த கணக்குத்தானே!

சட்டத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறேன், போன வருடமும் இந்த வருடமும். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். டிரைவர் ஆரன் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

மா.தே. இந்த முறை முதல் சுற்றில் தரம் பிரிப்பு மட்டும், ஒரு கேள்விக்கும் பேனா தொடவில்லை. படி, சத்தம் கேட்கிறதா, எடு. கேட்கவில்லையா, உருட்டு. வட்ட மேசைப் புதிரை உருட்டும்போது மட்டும், பொய் சொல்லக் கூடாது, யாரோ பின்னால் நின்று வைகிற மாதிரி ஒரு நினைப்பு.

எழுதியது 34. விட்டது 32.

சரி 27. தப்பு 7. மதிப்பெண் 74!

போன வாரத்தைவிட ஒரு கேள்வி குறைவாகத்தான் சரி. மதிப்பெண் இருபத்தெட்டு கூடுதல். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "முப்பத்திரெண்ட விட்டுட்டேன்ப்பா!"

"விட்டுட்டியா? அத இம்புட்டுச் சந்தோசமாச் சொல்ற?"

நவம்பர் 19, புதன்

ஆங்கிலப் பத்தி: மேகங்களுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று ஒரு பக்கம். வெளியே மேகம் பெயரில்லாமலேயே கொட்டுகிறது. நாலில் மூன்று சரி.

பேராசை. வடிவியல் கணக்கு ஒன்று, வட்டத்துக்குள் முக்கோணம், பார்க்க அவ்வளவு அழகு. ஒன்பது நிமிடம் நின்றேன். தப்பு. பழைய புத்தி. நோட்டின் மேல் பெரிதாக எழுதினேன்: அழகான காயில் தண்ணீர் இருக்காது.

அம்மா மாத்திரை மறந்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மா.தே. சரி 32. தப்பு 6. தொண்ணூறு. தொ-ண்-ணூ-று.

ரேவதிக்கு (இனி ரே.) 84. "என்னடி பண்ணுன?" என்கிறாள். தேங்காய் ஆட்டச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

திருச்சி. மதியத் தேர்வு. அப்பாவும் வந்தார், நான் கூப்பிடவில்லை. புதுக்கோட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். தேர்வு மையத்து வாசலில் அப்பா கேட்டார், "தண்ணி குடிச்சியா?"

முதல் பகுதி கொடுமை. பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். முதல் நாலு கேள்வியும் ஒன்றும் புரியவில்லை. போன வருடமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து செத்திருப்பேன். உருட்டினேன். நாலையும். ஐந்தாவது கேள்வி சதவீதம். வா ராசா!

வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தடியில், நான் உள்ளே போகும்போது நின்ற அதே இடம். சாப்பிடவே இல்லையாம். பரோட்டா கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பசி. பயங்கரப் பசி.

டிசம்பர் 5, வெள்ளி

என் விடைத்தாளும் சரியான விடைகளும் இணையத்தில் வந்துவிட்டன. நானே திருத்தினேன். சரி 34, தப்பு 7. தொண்ணூற்றைந்து.

மண்டி நடுவில் நின்று கத்தினேன். முத்தையாண்ணன் பாம்பு என்று நினைத்து மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அப்பா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் லாரி வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 29, திங்கள்

வெயில், மழை விட்டு மூன்று நாள். இரண்டு கல்லூரியிலிருந்து நேர்காணல் அழைப்பு. இரண்டு! ரே.வுக்கும் ஒன்று. சேர்ந்தே போகிறோம்.

செய்ய வேண்டியது: போட்டோ. மார்க் ஷீட் நகல். கறுப்புச் செருப்பு. வேலை அனுபவச் சான்று, முதலாளி கையெழுத்து, முத்திரையோடு.

முதலாளி யார்? அப்பாதானே. மண்டி லெட்டர் பேடை நீட்டினேன்.

"என்னான்னு எழுதணும்?"

"நான் இங்க வேல பாத்தேன்னு. ரெண்டு வரி போதும்ப்பா."

கண்ணாடியைத் துடைத்தார். மேசைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு வரிக்கு இருபது நிமிடம். கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று எடைமேடைப் பக்கம் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"மேற்படி தமிழரசி நான்கு வருடமாக இந்த மண்டியை நடத்தி வருகிறார். இவரை அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. இருந்தாலும் அனுப்பி வைக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்."

முத்திரை தலைகீழ். வேறு தாளில் எழுதித் தரச் சொல்லப் போவதில்லை.