பனிமூட்டத்தில் ஒரு விசில்

என்னங்க,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் மகள் நன்றாக இருக்கிறாள். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பெண்பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கும் அந்த ஐந்து நாள் முகாமுக்கு அவளை அனுப்பிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். படிவத்தில் கையெழுத்து நான் போட்டேன்.

மூன்றாம் நாளான இன்று காலை முகாமிலிருந்து போன் வந்தது. மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கியதில் அவளும் ஒரு சின்னப் பெண்ணும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துவிட்டார்களாம், தேடுகிறார்களாம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள்.

நான் போய் இறங்கியபோது வழிகாட்டிப் பெண் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க பொண்ணு இருந்த இடத்தை விட்டு அசையலைங்க," என்றாள் அவள். "சொல்லிக்குடுத்த மாதிரியே மும்மூணு தடவை விசில் ஊதிக்கிட்டே இருந்தா. சின்னது அழாம இருக்கக் கதை வேற சொல்லியிருக்கா."

கடைக்குத் தனியாகப் போகச் சொன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்!

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஏம்மா வந்த? கூட்டிட்டுப் போகவா? இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா."

"சும்மா பாக்கத்தான் வந்தேன்," என்றேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

இந்தக் கடிதம் அங்கே உங்கள் கைக்கு வருவதற்குள் அவள் வீடு திரும்பியிருப்பாள். கோபத்தை என்னிடம் காட்டுங்கள், அவளிடம் வேண்டாம்.

அவள் பிறந்ததிலிருந்து நான் பஸ்ஸில் கண் மூடியதில்லை. இன்று நம் நிறுத்தம் தாண்டியும் தூங்கியிருக்கிறேன், கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்