என் குரலில் அப்பாவின் அறிக்கை

ராயப்பேட்டை,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஆசீருக்கு,

ராயப்பேட்டையிலிருந்து உங்கள் கெசியா எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்பா வழக்கம்போல லேத் பட்டறைக்குப் போய் வருகிறார். சலாலாவில் வெயில் எப்படி? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ரொட்டியும் தயிருமாக ஓட்டுகிறீர்களா? உங்கள் போட்டோவில் சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்ததை அம்மா என்னிடம் இரண்டு தடவை சுட்டிக் காட்டிவிட்டாள்.

போன வாரம் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வீடு கிடைத்துவிட்டது, விசாவுக்கு எழுதிக் கொடுக்கட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தை சொல் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. நான் கிளம்பிவிட்டால் ஞாயிறு மதியம் எங்கள் காது கேளாதோர் சபையில் ஆயர் பேசுவதைச் சைகையில் சொல்ல ஆள் கிடையாது. அப்பா, அம்மா, மற்ற எல்லாரும் ஓர் ஆயரின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் அதட்டாமல் கேட்டீர்கள். இதற்கிடையே சனிக்கிழமை ஒன்று நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மயிலாப்பூரில் வட்டார மன்றம் கூடியது. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள் பிரசங்கம் முடிவதற்குள் வண்டியை எடுக்கிற ஆள். இந்தப் பக்கத்துச் சபைகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றாகக் கூடி ஆராதிப்பார்கள். பிறகு ஒவ்வொரு சபையும் என்ன செய்தோம் என்று அறிக்கை வாசிக்கும். சேர்ந்து என்ன ஊழியம் செய்யலாம் என்று தீர்மானம் போடுவார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் சேர்ந்திருக்கிற பெரிய ஆலயத்துச் செயலர் தன் அறிக்கையின் கடைசியில் எங்களைப் பற்றி ஒரே வரி வாசிப்பாராம்: காது கேளாதோர் ஊழியமும் தொடர்கிறது. இந்த வருஷம்தான் எங்கள் சபையே எழுந்து பேசலாம் என்று அழைத்தார்கள். பேச அப்பாவைத் தேர்ந்தெடுத்தோம். அவர் சைகையில் சொல்ல, பக்கத்தில் நின்று நான் குரல் கொடுக்க வேண்டும்.

என்ன சொல்லப் போகிறார் என்று அப்பா எனக்குக் காட்டவே இல்லை. ஒரு வாரம் எனக்கு மண்டை வெடித்தது. பேங்க் விண்ணப்பத்திலிருந்து கேபிள்காரனோடு போடுகிற சண்டை வரைக்கும் என் வழியாகத்தான் போகும். இது மட்டும் என்ன ரகசியம்? கேட்டால், முன்னாலேயே தெரிந்தால் நீ திருத்துவாய் என்றார். அம்மாவைப் பிடித்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் வாயை மூடிக்கொள்வது என்றால் அதுதான்.

ஆட்டோவில் போனோம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் எல்லாம் தோண்டி வைத்திருக்கிறார்கள், ஆட்டோக்காரன் சுற்றிச் சுற்றி விட்டான். பின்னால் மூன்று பேரும் கையை வீசிப் பேசியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவன், இறங்கும்போது, ‘அக்கா, சண்டையா, சமாதானமா?’ என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை என்றேன்.

கூட்டம் நான் நினைத்த மாதிரி தூக்கம் வரவழைக்கிற கூட்டம் இல்லை. ஆராதனை முடிந்து அறிக்கைகள் ஆரம்பித்ததும் எனக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. ஒரு சபையார், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஆயரும் அவர் மனைவியும் வாட்ச்மேனும்தான் வந்தார்கள் என்று ஒளிக்காமல் வாசித்தார்கள். இன்னொரு சபையில், கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்தார் ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி வருகிறார்களாம், எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் போடலாமா என்று கேட்டார்கள். அதையெல்லாம் நான் எங்கள் சபையிலிருந்து வந்திருந்த ஆட்களுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் அதற்குள் கூட்டத் தலைவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எங்களிடம் ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் உண்டல்லவா, அவருக்குப் புருவத்தை மேலே தூக்குவது. உங்களுடைய பெயர் இன்னும் வயிற்றைத் தட்டுவதுதான். நிச்சயதார்த்தத்தில் நீங்கள் பிரியாணி சாப்பிட்டதை யாரும் மறக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையில் ஏறினார். நான் மைக்கைப் பிடித்தேன். இதில் ஒரு விதி உண்டு. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று நடுவில் போடக் கூடாது. அந்த நேரத்தில் நான் கெசியா இல்லை, பாக்கியநாதன்.

முதலில் எங்கள் ஞாயிறு ஆராதனை, வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரிக்கு யாராவது போனால் கூடப் போவது, இதையெல்லாம் சொன்னார். நானும் தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல், ‘எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்’ என்று சைகை செய்தார்.

நானும் மைக்கில், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். அரங்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எங்களைப் பார்த்து நிற்கிறாள், அதனால் ஆல்டருக்கு முதுகைக் காட்டியே நிற்கிறாள் என்றேன். திருவிருந்தில் அவள் கடைசியாக வாங்குவாள், அப்பம் வாயில் இருக்கும்போதே கை அடுத்த ஜெபத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் ஒரு பிரசங்கத்தையாவது தனக்காகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. இதையெல்லாம் அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்து அவர் சொன்னதை நான் சொல்லவில்லை, ஆசீர். விழுங்கிவிட்டேன். அதற்கு அடுத்தபடி அவர் சைகை செய்த, ‘ஆகையால் எங்களுக்குச் சைகை தெரிந்த ஓர் ஆயர் வேண்டும்’ என்ற கோரிக்கைக்கு நேரே தாவிவிட்டேன். அந்த அரங்கத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு துணிச்சல்.

அப்பா அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒரு வரிசை விடாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீ சொல்லவில்லை, அவர்கள் முகம் அப்படியே இருக்கிறது என்றார். கோபம் எல்லாம் இல்லை. ஆயுள் முழுக்க முகங்களைப் பார்த்தே எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்று தெரிந்துகொண்ட மனுஷரை நான் ஏமாற்றப் பார்த்தேன், அவ்வளவுதான். அதே வாக்கியத்தை மறுபடி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் செய்து காட்டினார். நான் சொன்னேன்:

“என் மகள் அவள் புருஷனோடு வாழப் போக வேண்டும். அவள் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்.”

இப்போது முகங்கள் மாறின. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு மூப்பர் எழுந்தார். நல்ல மனுஷர், கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைக்குக் கேக் அனுப்புகிறவர். “அதான் உங்க பொண்ணு கீதே சார். நல்லாத்தான பண்ணிக்கினு கீது. ஒரு ரெண்டு வருஷம் போவட்டுமே, இப்ப இன்னா அவசரம்?” என்றார். என்னைப் பற்றி அவர் சொன்னதை நானே அப்பாவுக்குச் சைகையில் சொன்னேன். அப்பாவின் கைகள் உடனே பதில் சொன்னன. அதையும் நானேதான் சொன்னேன்.

“அவள் இருக்கிறாள் என்பதால்தான் நீங்கள் யாரும் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை.”

 மூப்பர், ‘அது நெசம்தான்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சைகை தெரிந்த ஆயர் வேண்டும் என்ற தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்று சொல்லலாம் என்றார் தலைவர். எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் சைகையில் சொன்னதும் அவர்கள் கையைத் தூக்கினார்கள், அதைப் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கி, எல்லாருமே கையைத் தூக்கிவிடுங்கள் என்றார். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஆயர் நிஷா என்று அடையாறிலிருந்து வந்த இளம் ஆயர் ஒருவர், தானே முன்வந்து, இந்த மாதமே சைகை மொழி வகுப்பில் சேர்கிறேன், ஞாயிறுதோறும் உங்கள் சபைக்கும் வருகிறேன் என்றார். மதியச் சாப்பாட்டில் அம்மாவிடம் வந்து, சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்கப் பார்த்தார். அம்மாவுக்கு அது ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று புரிந்திருக்கிறது. அப்பாவைச் சுட்டிக் காட்டி, ஆகித் தொலைந்துவிட்டது என்றாள். நேற்று ஞாயிறும் ஆயர் நிஷா சொன்னபடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அப்பாவோடு சண்டை போட்டேன். என்னைக் கேட்காமல் என் வாயாலேயே என்னை அனுப்பிவிட்டீர்களே என்றேன். நான் போக ஆசைப்படுகிறேன் என்று யார் சொன்னது என்றேன். நீதான் என்றார்.

இங்கேதான் நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். இத்தனை நாளும் நான் உங்களோடு போனில் கூடத்திலேயே உட்கார்ந்து சத்தமாகப் பேசுவேன். இவர்களுக்குக் கேட்காதே என்ற தைரியம். போன் வலது கையில். இடது கை சும்மா இருக்காமல் நான் பேசுவதையெல்லாம் தானாகச் சைகை செய்துகொண்டே இருந்திருக்கிறது, சின்னதாக, மடியில். எனக்குத் தெரியவே தெரியாது. எதிரே இரண்டு பேரும் சீரியல் பார்ப்பது போல உட்கார்ந்து, நான் உங்களுக்குச் சொன்னது அத்தனையும் படித்திருக்கிறார்கள். வரணும் போல இருக்கிறது, ஆனால் இவர்களை எப்படி விடுவது என்று நான் சொன்னதெல்லாம். மற்றதையும். நீங்கள் வெட்கப்படுவதானால் படுங்கள், நான் சனிக்கிழமையிலிருந்து பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு மேல் சண்டை போட எனக்குக் கை வரவில்லை. அப்பா டம்ளரை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆசீர். அவர்களை விட்டுப் போகிற பயம் பாதிதான். யாருக்கும் என் கை தேவைப்படாத ஊரில் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்பது மீதிப் பாதி. ஆனாலும் உங்களோடு இருக்க வேண்டும். இதை நானே எழுதுகிறேன், யாரும் சொல்லச் சொல்லவில்லை.

விசாவுக்கு எழுதிக் கொடுங்கள். ஆனால் எனக்கு டிக்கெட் மட்டும் அனுப்பி வைத்துவிடாதீர்கள். நீங்களே வாருங்கள். மூப்பருக்கு அப்பா சொன்ன பதிலைச் சொல்லும்போது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. பெண் கேட்டு வந்தபோதுகூட, நீங்கள் என்னைக் கேட்டதை நானேதான் அவருக்குச் சொன்னேன், அவர் சம்மதித்ததையும் நானேதான் உங்களுக்குச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நீங்களும் அவரும் என்னை நடுவில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தத் தடவை நான் நடுவில் நிற்க மாட்டேன். அடுப்படியில் இருப்பேன். நீங்கள் அவர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் மகளைக் கூட்டிப்போகட்டுமா என்று நீங்களே சைகையில் கேளுங்கள். தப்பும் தவறுமாக இருந்தால் இருக்கட்டும், எத்தனை தடவை ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆயர் நிஷா படிக்கிற வகுப்பின் வீடியோக்களை உங்களுக்கும் அனுப்புகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து கொஞ்சம் பழகுங்கள்.

ஆண்டவர் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள்,
கெசியா